தோற்றவர்கள் சூட்டிய பெயர்: ‘கிமுரா’ பிடியின் கதை

ஊருக்கும் கோட்டைக்கும் சாலைக்கும் வென்றவர் பெயரை வைப்பது உலக வழக்கம். அந்தப் பெயரைச் சூட்டுபவர்களும் பெரும்பாலும் வென்றவரின் ஆட்களாகவே இருப்பார்கள். தோற்ற தரப்பு வாய்மூடி நிற்கும். தற்காப்புக் கலை உலகில் ஒரு பிடியின் கதை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. அந்தப் பிடியில் கை சிக்கித் தோற்றவரின் குடும்பத்தாரும் மாணவர்களுமே வென்றவரின் பெயரை அதற்கு வைத்து, அந்தப் பெயராலேயே உலகம் முழுவதும் கற்றுக்கொடுத்தார்கள்.

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பிரேசிலிய ஜியு-ஜிட்சு பயிலும் இளைஞர்கள் ‘கிமுரா’ என்ற சொல்லைத் தினமும் கேட்கிறார்கள். கையை முதுகுப் பக்கம் முறுக்கிப் பூட்டும் பிடி அது. பயிற்சியில் சேர்ந்த முதல் சில மாதங்களிலேயே அதைச் சொல்லிக்கொடுத்து விடுவார்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்பதும், அவர் குமாமோட்டோவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஜப்பானியர் என்பதும் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நட்டும் ஸ்பேனரும்

முதலில் இந்தப் பிடி என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். எதிராளி மல்லாந்து கிடக்கிறார். மேலே இருப்பவர் ஒரு கையால் அவருடைய மணிக்கட்டைப் பற்றுகிறார். தன் மற்றொரு கையை எதிராளியின் மேற்கைக்கு அடியில் நுழைத்து வெளியே எடுத்து, தன்னுடைய மணிக்கட்டையே பிடித்துக்கொள்கிறார். இப்போது இருவர் கைகளும் பின்னிக்கொண்டு, எண் 4 போன்ற ஒரு வடிவம் உண்டாகிறது. முழங்கை மடங்கிய நிலையில் எதிராளியின் கை அசைய முடியாமல் நிற்கிறது. பிறகு அந்தக் கையை மெல்ல அவருடைய முதுகுப் பக்கமாகத் திருப்புகிறார். அவ்வளவுதான்.

கார் டயரின் நட்டைக் கழற்றும் ஸ்பேனரை நினைத்துப் பாருங்கள். வெறும் விரல்களால் அசைக்க முடியாத நட்டு, நீண்ட கைப்பிடி கிடைத்ததும் எளிதில் சுழன்று விடுகிறது. இந்தப் பிடியில் முன்கைதான் கைப்பிடி. மேற்கை எலும்பும் தோள்மூட்டும்தான் நட்டு. இரு கைகளின் வலிமையும் உடல் எடையும் சேர்ந்து ஒரு தோளின் மீது வந்து இறங்கும்போது, எவ்வளவு பெரிய பயில்வானாக இருந்தாலும் அந்தத் தோளால் தாங்க முடியாது. மூட்டு விலகும், தசைநார் கிழியும், அல்லது ஈரத்துணியைப் பிழிவதுபோல மேற்கை எலும்பே முறுக்கி உடையும்.

ஆனால் உடைய வேண்டிய அவசியம் இல்லை. வலி எல்லை மீறும் முன் பிடிபட்டவர் தரையையோ எதிராளியின் உடம்பையோ இரண்டு மூன்று முறை தட்டினால் போதும். பிடித்தவர் உடனே விட்டுவிடுவார். இந்தத் ‘தட்டு’தான் மற்போர்க் கலைகளில் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்று சொன்னால் மிகையில்லை. குத்துச்சண்டைக்காரர் பயிற்சியில் முழு வேகத்தோடு குத்தினால் கூட்டாளி மருத்துவமனைக்குப் போவார். பூட்டுப் பிடி பயில்பவரோ முழு வலிமையோடு போராடலாம். தட்டியதும் இருவரும் எழுந்து சிரித்துக்கொண்டு மறுபடியும் தொடங்கலாம். ஒரே நாளில் பத்து முறை ‘செத்துப் பிழைக்கலாம்’. தட்டியவுடன் விடுவார் என்று பிடிபட்டவரும், முடியாதபோது தட்டுவார் என்று பிடித்தவரும் ஒருவரை ஒருவர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை எங்கெல்லாம் அறுந்ததோ, அங்கெல்லாம்தான் கிமுரா பிடியின் வரலாறு எழுதப்பட்டது.

கானோ போட்ட வேலி

1882ஆம் ஆண்டு தோக்கியோவில் கோடோகான் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, பழைய ஜுஜுட்சு முறைகளில் ஆபத்தானவற்றைக் களைந்து ஜூடோவை உருவாக்கினார். அவர் ஒரு கல்வியாளர். பள்ளி மாணவர்கள் கைகால் ஒடியாமல் பயில வேண்டும் என்பது அவர் கவலை. அதனால் விரல், மணிக்கட்டு, கணுக்கால், முழங்கால் என்று ஒவ்வொரு மூட்டாகப் பூட்டுகளுக்குத் தடை வந்தது. 1925 வாக்கில் முழங்கை ஒன்றுதான் மிஞ்சியது. கையைப் பின்னி முறுக்கும் ‘உடே-கராமி’ என்ற பிடி இந்த முழங்கைக் கணக்கில் தப்பிப் பிழைத்தது. உண்மையில் அது தோளைத்தான் அதிகம் வதைக்கிறது என்பது பயின்றவர்களுக்குத் தெரியும். விதி எழுதியவர்கள் சற்றே கண்ணை மூடிக்கொண்டார்கள் போலும்!

கோடோகானில் நின்றபடி எறியும் கலைக்கே மரியாதை அதிகம். தரையில் உருண்டு பிடிக்கும் கலைக்கு வேறோர் இடம் புகலிடமாயிற்று. 1914இலிருந்து கியோட்டோவில் நடந்துவந்த உயர்நிலைப் பள்ளிகளுக்கு இடையிலான ‘கோசென்’ போட்டிகள்தாம் அது. நேரே தரைக்கு இழுத்துச் சென்று போராட அங்கே தடையில்லை. கால்களால் முக்கோணம் போட்டுக் கழுத்தை நெரிக்கும் பிடி, இன்று உலகக் கூண்டுச் சண்டை மேடைகளில் எல்லாரும் காண்பது, அந்த மாணவர்களின் கைவண்ணத்தில் 1920களில் முழு வடிவம் பெற்றது. கல்லூரிப் பிள்ளைகள் சும்மா இருக்கும் நேரத்தில் என்னவெல்லாம் கண்டுபிடிப்பார்கள் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மூன்று மடங்கு உழைப்பு

மசாஹிகோ கிமுரா 1917 செப்டம்பர் 10ஆம் நாள் குமாமோட்டோவில் பிறந்தார். தந்தை ஆற்றில் சரளைக் கல் அள்ளி விற்றுப் பிழைத்தவர். சிறுவன் மசாஹிகோவும் ஆற்றில் இறங்கிக் கல் அள்ளியவன்தான். நீரோட்டத்தை எதிர்த்து நின்று பாரம் சுமந்த அந்த இடுப்பும் கால்களும் பிற்காலத்தில் ஜப்பான் முழுவதையும் வியக்க வைத்தன.

18 வயதில் ஐந்தாம் டான் பெற்றார். தக்குஷோக்கு பல்கலைக்கழகத்தில் அவரை உருவாக்கிய குரு தட்சுகுமா உஷிஜிமா கருணை காட்டுபவர் அல்லர். மற்றவர்களைவிட மூன்று மடங்கு உழைத்தால்தான் யாராலும் எட்ட முடியாத இடத்தைப் பிடிக்கலாம் என்பது கிமுரா வகுத்துக்கொண்ட கணக்கு. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரப் பயிற்சி. பயிற்சிக் கூடத்தில் ஆள் இல்லாத வேளையில் ஒரு மரத்தில் கச்சையைக் கட்டி, அந்த மரத்தையே எதிராளியாக நினைத்துக் காலால் அடித்து எறிந்து பழகினார். மரம் விழவில்லை. ஆனால் அவருடைய ‘ஓசோட்டோ-காரி’ எறிதலில் விழுந்தவர்கள் தலை சுற்றி எழ முடியாமல் கிடந்தார்கள்.

1937, 1938, 1939 ஆகிய மூன்று ஆண்டுகளும் அகில ஜப்பான் வெற்றியாளர் அவரே. 1940இல் மன்னர் முன்னிலையில் நடந்த போட்டியிலும் வென்றார். ‘கிமுராவுக்கு முன்னும் பின்னும் ஒரு கிமுரா இல்லை’ என்று ஜப்பானியர் சொல்லத் தொடங்கினர்.

பிறகு போர் வந்தது, தோல்வி வந்தது. அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் பள்ளிகளில் ஜூடோவைத் தடை செய்தது. அந்தத் தடை 1950 வரை நீடித்தது. ஜூடோவைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர் என்ன செய்வார்? அவருடைய மனைவியைக் காசநோய் பீடித்திருந்தது. மருந்து வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலையோ கொள்ளை. 1950இல் குரு உஷிஜிமா தொடங்கிய தொழில்முறை ஜூடோ குழுவில் கிமுரா சேர்ந்தார். சில மாதங்களிலேயே பணம் வற்றிப்போய் அது கலைந்தது. கடல் கடந்து சென்று காசுக்குச் சண்டை போடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. முதலில் ஹவாய், அடுத்து 1951இல் பிரேசில்.

காசுக்காகக் கலையை விற்றார் என்று கோடோகான் அவரை மன்னிக்கவில்லை. அவர் ஏழாம் டானோடு நிறுத்தப்பட்டார். அவரிடம் அடி வாங்கியவர்களெல்லாம் அவரைத் தாண்டிப் பட்டம் பெற்றார்கள். மனைவியின் மருந்துக்காகப் போனவரை ஒரு கழகம் இப்படி நடத்தியது நியாயம்தானா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பிரேசிலில் முளைத்த கிளை

பிரேசிலுக்கு ஜப்பானியக் கலை அதற்கு வெகுநாள் முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. கோடோகான் வீரர் மிட்சுயோ மயேடா நாடு நாடாகச் சண்டையிட்டுத் திரிந்து, 1914இல் பிரேசிலில் கால் பதித்தார். பின்னர் அமேசான் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள பெலேம் நகரில் குடியேறி, 1941இல் அங்கேயே காலமானார். அவர் வழியில் வந்த கலையைக் கிரேசி குடும்பத்தின் மூத்த மகன் கார்லோஸ் கற்றுக்கொண்டார். தம்பிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். தம்பிகளில் ஒருவர் ஹெலியோ, 1913இல் பிறந்தவர். மெலிந்த உடல். வலிமையைவிட நெம்புகோல் தத்துவத்தையும் பொறுமையையும் நம்பி, தரையில் மல்லாந்து கிடந்தபடியே வெல்லும் முறையை அவர் செதுக்கி எடுத்தார் என்று குடும்பத்தார் சொல்வர்.

1951 செப்டம்பரில் கிமுராவுடன் வந்த இளைய வீரர் யுக்கியோ காட்டோவை ஹெலியோ சந்தித்தார். முதல் போட்டி சமநிலை. சாவோ பாவ்லோவில் நடந்த இரண்டாவது போட்டியில் ஹெலியோ கீழே இருந்தபடியே காட்டோவின் கழுத்தை நெரித்து நினைவிழக்கச் செய்தார். பிரேசில் கொண்டாடியது. ஜப்பானியக் குடியேறிகள் தலை குனிந்தனர். இனி கிமுரா இறங்கியே ஆக வேண்டும்.

1951 அக்டோபர் 23

ரியோ நகரின் மரக்கானா அரங்கு. ஓராண்டுக்கு முன்புதான் அங்கே உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தில் உருகுவேயிடம் தோற்று ஒரு நாடே அழுதிருந்தது. இந்த முறை ஏறத்தாழ இருபதாயிரம் பேர் திரண்டதாகச் சொல்லப்படுகிறது. எறிதலுக்கும் அமுக்கிப் பிடிப்பதற்கும் புள்ளி கிடையாது. எதிராளி தட்ட வேண்டும், அல்லது மயங்க வேண்டும். ஒரு சுற்று பத்து நிமிடம்.

அரங்கினுள் ஒரு சவப்பெட்டி வைக்கப்பட்டிருந்ததாகக் கிமுரா தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். யாருக்கு என்று கேட்டபோது, அவருக்குத்தான் என்று பதில் வந்ததாம். பயப்படுவதற்குப் பதில் அவருக்குச் சிரிப்பு வந்ததாம்.

ஹெலியோவின் எடை எவ்வளவு? கிரேசி தரப்பின் கணக்கில் அவர் கிமுராவைவிட மிகவும் சிறியவர். கிமுராவின் நினைவிலோ அவர் ஏறக்குறைய தமக்கு நிகரான எடையும் தம்மைவிட உயரமும் கொண்டவர். தோற்ற கதையில் எதிராளி வளர்வதும் வென்ற கதையில் எதிராளி தேயாமல் இருப்பதும் மனித இயல்பு. படங்களைப் பார்த்தால் கிமுரா மிகத் தடித்தவர் என்பது மட்டும் ஐயமின்றித் தெரிகிறது.

முதல் சுற்றில் கிமுரா விதவிதமாகத் தூக்கி எறிந்தார். தரை விரிப்பு மெத்தென்று இருந்ததால் ஹெலியோவுக்குப் பெரிய பாதிப்பில்லை. கிமுரா தரையில் அமுக்கினார், நெரித்தார். ஹெலியோ தட்டவில்லை. சுற்று முடிந்தது.

இரண்டாம் சுற்றில் மீண்டும் ஓசோட்டோ-காரி. ஹெலியோ விழுந்ததும் கிமுரா அவர் மேல் படர்ந்து அழுத்தினார். மூச்சு முட்டிய ஹெலியோ அவரைத் தள்ளிவிட இடக்கையை நீட்டினார். அந்தக் கைக்காகத்தான் கிமுரா காத்திருந்தார். மணிக்கட்டைப் பற்றினார், கையைப் பின்னினார், உடே-கராமி பூட்டியது.

திருப்பினார். ஹெலியோ தட்டவில்லை. மேலும் திருப்பினார். எலும்பு முறியும் ஓசை கேட்டதாகவும், அப்போதும் தட்டவில்லை என்றும், மறுபடியும் முறுக்க நேர்ந்ததாகவும் கிமுரா எழுதுகிறார். அரங்கு உறைந்துவிட்டது. எலும்பு முறிந்ததா என்பதில் இரு தரப்புச் செய்திகளும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒன்றில் ஒத்துப்போகின்றன. ஹெலியோ கடைசிவரை தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் தம்பியின் தோல்வியை ஒப்புக்கொண்டு ஆட்டத்தை நிறுத்தினார். தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய பதின்மூன்று நிமிடம்.

கார்லோஸின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கலையைச் சொல்லிக்கொடுத்த அண்ணன் அவர். தம்பியின் வீம்பைப் புகழ்ந்து எழுதியவர்கள் நிறைய. துண்டை எறிந்த அண்ணனைப் பாராட்டியவர்கள் குறைவு. அன்றைக்கு அந்தக் கையைக் காப்பாற்றியது யார் என்று பார்த்தால் விடை வேறாக இருக்கிறது.

பெயர் சூட்டியது எதனால்?

தன்னிடம் மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தாலே ஹெலியோ வென்றதாகக் கொள்ளலாம் என்று கிமுரா போட்டிக்கு முன் சொன்னதாகக் கிரேசி குடும்பம் கூறிவந்தது. அந்தக் கணக்கில் பதின்மூன்று நிமிடம் ஒருவகை வெற்றி. உடே-கராமி அதன்பின் பிரேசிலில் ‘கிமுரா’ ஆயிற்று. அதே பின்னலை எதிர்த்திசையில், கையைத் தலைப் பக்கம் வளைத்துப் பூட்டினால் அங்கே ‘அமெரிக்கானா’ என்பார்கள். ஜப்பானியருக்கோ இரண்டும் உடே-கராமிதான்.

இதில் பெருந்தன்மை இருக்கிறது. சற்றுக் கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது. வென்றவரை எந்த அளவுக்கு உயர்த்துகிறோமோ அந்த அளவுக்கு அவரிடம் தோற்றதும் பெருமையாகிவிடுகிறது. யாரோ ஒரு முரடனிடம் கை முறிந்தது என்பது வேறு. கிமுராவிடம், அதுவும் தட்டாமல் தோற்றோம் என்பது வேறு. இருந்தாலும், தன் குடும்பத்தின் தோல்வியை மறைக்காமல் அதைப் பாடத்திட்டத்திலேயே பெயராக வைத்துக்கொள்ள ஒரு மனத்துணிவு வேண்டும். அந்தப் பெயரால் லட்சக்கணக்கானோருக்குக் கிமுராவை அறிமுகப்படுத்தியது ஜப்பான் அன்று, பிரேசில்தான். ஜப்பானில் அவர் வெகுகாலம் வேறொரு காரணத்துக்காக நினைவுகூரப்பட்டார்.

ரிக்கிடோசானும் கிங் காங்கும்

நாடு திரும்பிய கிமுரா காட்சி மல்யுத்தத்தில் சேர்ந்தார். கொரியாவில் பிறந்து, சூமோ வீரராக இருந்து, மல்யுத்த நாயகராக மாறிய ரிக்கிடோசான் அப்போது புகழின் உச்சியில் இருந்தார். 1954 டிசம்பர் 22 அன்று தோக்கியோவில் இருவரும் மோதினர். தொலைக்காட்சி ஜப்பானுக்கு வந்து இரண்டாண்டுகூட நிறையவில்லை. தெருவோரப் பெட்டிகளின் முன் மக்கள் கூடி நின்று பார்த்த காலம். முடிவை முன்கூட்டியே பேசிவைத்த ஆட்டம், சமநிலையில் முடிய வேண்டியது என்று கிமுரா பின்னர் சொன்னார். நடுவில் ரிக்கிடோசான் நிஜமாகவே அடிக்கத் தொடங்கினார். எதிர்பாராத கிமுரா சுருண்டு விழுந்தார். நாடே பார்த்தது. பதினைந்து ஆண்டு தோல்வி அறியாதவர் என்ற பெயர் அந்த ஒரு மாலையில் கரைந்துபோனது. இங்கே அறுந்ததும் நம்பிக்கைதான். தட்டினால் விடுவார் என்ற நம்பிக்கை போலவே, பேசியபடி நடப்பார் என்ற நம்பிக்கை.

இந்த ரிக்கிடோசான் நம் வட்டாரத்து மூத்தவர்களுக்கு அந்நியர் அல்லர். சிங்கப்பூரின் நியூ வோர்ல்ட், கிரேட் வோர்ல்ட், ஹேப்பி வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காக்களில் மல்யுத்தம் பார்த்தவர்கள் ‘கிங் காங்’கை மறந்திருக்க முடியாது. ஹங்கேரியில் பிறந்து, இந்தியாவிலும் மலாயாவிலும் பெயர் பெற்ற எமில் சாயா என்ற அந்த மாமிச மலை, 1955 நவம்பரில் தோக்கியோ சென்று ஆசிய மிகுஎடைப் பட்டத்துக்காக ரிக்கிடோசானை எதிர்த்தது, தோற்றது. தாரா சிங்கோடு மோதி நம்மவர்களைக் கைதட்ட வைத்த கிங் காங், 1970இல் சாலை விபத்துக்குப் பின் சிங்கப்பூரிலேயே மறைந்தார். ரிக்கிடோசான் அதற்கு முன்பே, 1963 டிசம்பரில், இரவு விடுதித் தகராறில் கத்திக்குத்துப்பட்டு ஒரு வாரத்தில் இறந்துபோனார்.

கராச்சியில் ஒரு கை

ரிக்கிடோசானின் சீடர் அந்தோனியோ இனோக்கி. அவருக்குப் பூட்டுப் பிடிகளைக் கற்றுக்கொடுத்தவர் கார்ல் காட்ச் என்ற ஐரோப்பியர். காட்ச் பயின்றது இங்கிலாந்தின் லங்காஷயர் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில், விகான் ஊரில். அந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்களின் மல்யுத்தத்திலும் இதே பிடி ‘இரட்டை மணிக்கட்டுப் பூட்டு’ என்ற பெயரில் இருந்தது. கிமுராவிடமிருந்து அவர்கள் கற்கவில்லை, அவர்களிடமிருந்து கிமுராவும் கற்கவில்லை. மனிதத் தோள் எங்கும் ஒன்றுதானே. அதை முறுக்கும் வழியைப் பல ஊர்க்காரர்கள் தனித்தனியே கண்டுகொண்டார்கள்.

1976 ஜூனில் முகம்மது அலியுடன் தோக்கியோவில் பதினைந்து சுற்று மோதிச் சமநிலை கண்டார் இனோக்கி. (அதற்கு முந்திய ஆண்டுதான் அலி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரை வென்றிருந்தார்.) அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் இனோக்கி கராச்சியில் அக்ரம் பயில்வானைச் சந்தித்தார். அக்ரம் சாதாரணக் குடும்பத்தவர் அல்லர். துணைக்கண்டமே கொண்டாடிய காமா பயில்வானின் தம்பி இமாம் பக்ஷின் மகன்.

அந்தக் குடும்பத்தின் குஷ்தி மரபில் எதிராளியின் இரு தோள்களையும் மண்ணில் படவைத்தால் வெற்றி. வலி தாங்காமல் தட்டி விலகுவது அந்த மண்ணின் இலக்கணத்தில் இல்லை. மூன்றாம் சுற்றில் இனோக்கி அந்தக் கைப்பூட்டைப் போட்டார். அக்ரம் தட்டவில்லை. காமாவின் குடும்பத்துப் பிள்ளை, சொந்த மக்கள் முன்னிலையில், ஓர் அந்நியனிடம் எப்படித் தட்டுவார்? கை போயிற்று. ஆட்டம் நிறுத்தப்பட்டது. அரங்கில் இருந்தவர்களுக்கு அது விளையாட்டுத் தோல்வியாகத் தெரியவில்லை, வீட்டில் நிகழ்ந்த இழவாகத் தெரிந்தது.

1979 ஜூனில் அதே குடும்பத்தின் இளைஞன் ஜாரா லாகூரில் இனோக்கியை எதிர்த்தான். ஐந்து சுற்றும் முடிந்து யாரும் வெல்லாத நிலையில், இனோக்கி தானே ஜாராவின் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினார். கராச்சியில் ஒடித்த கைக்கு லாகூரில் செய்த பிராயச்சித்தம் என்று சிலர் அதைப் பார்த்தனர்.

மகனும் பேரனும்

கதை மறுபடியும் கிரேசி குடும்பத்துக்கே திரும்பியது. கசுஷி சகுராபா என்ற ஜப்பானிய வீரர், விகான் மரபில் வந்த பில்லி ராபின்சனிடம் பூட்டுகளைக் கற்றவர். 1999 நவம்பரில் தோக்கியோவில் அவர் ஹெலியோவின் மகன் ராய்லரைச் சந்தித்தார். 48 ஆண்டுக்கு முன் தந்தையைப் பூட்டிய அதே பிடி மகன் மேல் விழுந்தது. மகனும் தட்டவில்லை. நடுவர் நிறுத்தினார். தட்டாதபோது எப்படி நிறுத்தலாம் என்று குடும்பத்தார் கொதித்தனர். 1951இல் அண்ணன் செய்த வேலையை 1999இல் நடுவர் செய்தார் என்பதுதான் வேறுபாடு.

2000 ஆகஸ்டில் கார்லோஸின் பேரன் ரென்சோ இறங்கினார். ஆட்டம் முடிய நொடிகளே இருந்தபோது சகுராபா அதே பிடியோடு சுழன்றார். ரென்சோவின் முழங்கை மூட்டு கண்ணெதிரே விலகியது. அவரும் தட்டவில்லை. ஆனால் போட்டி முடிந்ததும் சாக்குப்போக்கு எதுவும் சொல்லாமல், சகுராபாவின் திறமையை மேடையிலேயே பாராட்டினார். தங்கள் குடும்பம் பெயர் சூட்டிய பிடியிலேயே தங்கள் கை போவதைக் கண்டும் அப்படிப் பேசியவரை மதிக்காமல் இருக்க முடியாது.

வீம்புக்கு விலை உண்டு. 2011 டிசம்பரில் தொரொன்தோவில் நடந்த கூண்டுச் சண்டையில் பிரேசிலின் அந்தோனியோ ரோட்ரிகோ நோகேரா, அமெரிக்கர் ஃபிராங்க் மீரின் கிமுராவில் சிக்கினார். தட்டத் தாமதமானது. மேற்கை எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. நோகேரா இந்தப் பிடியை அறியாதவரா? ஜியு-ஜிட்சுவில் கறுப்புக் கச்சை பெற்றவர். அறிவு ஒருபுறம் இருக்க, ஆயிரக்கணக்கான கண்கள் பார்க்கும்போது கை தானாக எழுந்து தட்டுவதில்லை. நம் ஊர்ப் பயிற்சிக் கூடங்களில் நல்ல ஆசிரியர்கள் முதல் நாளே தட்டக் கற்றுக்கொடுப்பதும், தட்ட மறுக்கும் பிள்ளையை உட்கார வைத்துவிடுவதும் இதனால்தான். பெற்றோர் அதைக் கண்டு பிள்ளைக்கு ரோஷம் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

கடைசிச் செய்தி

கிமுரா தக்குஷோக்கு பல்கலைக்கழகத்துக்கே திரும்பிப் பயிற்றுநரானார். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற கனடியர் டக் ரோஜர்ஸ் அவரிடம் பயின்றவர். 1971இல் அகில ஜப்பான் வெற்றியாளரான கானேஓ இவாட்சுரியும் அவர் மாணவரே. 1993 ஏப்ரல் 18ஆம் நாள் கிமுரா காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் கூண்டுச் சண்டைப் போட்டியில் ஹெலியோவின் மகன் ராய்ஸ் வென்று, ஜியு-ஜிட்சுவை உலகமே திரும்பிப் பார்க்கும்படி செய்தார். அதன் வழியே கிமுராவின் பெயர் நாடெங்கும் பரவியதை அவர் பார்க்கவில்லை.

அவர் அறியாமல் போனது இன்னொன்றும் உண்டு. ஹெலியோ 2009 ஜனவரியில் தம் 95ஆம் வயதில் மறைந்தார். கிமுராவின் மறைவுக்குப் பிறகு ஜப்பானிய வீரர் ஒருவரிடம் அவர் மனம் விட்டுப் பேசினார். 1951இல் அந்தக் கைப்பூட்டு விழுவதற்கு முன்பே, கிமுரா கழுத்தை நெரித்தபோது தாம் நினைவிழந்துவிட்டதாகச் சொன்னார். அசைவில்லாததைக் கவனிக்காத கிமுரா, நெரித்தது பலிக்கவில்லை என்று எண்ணிப் பிடியை விட்டு வேறொன்றுக்கு மாறினாராம். கழுத்து விடுபட்டதாலும் அடுத்த பிடியின் வலியாலும் தமக்கு நினைவு திரும்பியது என்றும், தாம் அப்போதே தோற்றுவிட்டது கிமுராவுக்குக் கடைசிவரை தெரியாது என்றும் கூறினார் ஹெலியோ.